டிஸ்டோபியா படங்கள்: படம் முடிந்து டீ வரும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெரு நூலகத்தின் மாடியில் மாதத்தின் கடைசி ஞாயிறு ஒரு படம் போடுகிறோம். வெள்ளைச் சுவர், வாடகை புரொஜெக்டர், முப்பது நாற்காலி. சில வருடங்களாக நான் தேர்ந்தெடுப்பதில் பாதிக்கு மேல் டிஸ்டோபியா படங்கள்தான். அந்த அளவுக்கு எனக்கு அவை பிடிக்கும். படம் முடிந்ததும் வருகிற கேள்விகள் ஏறக்குறைய எல்லா மாதமும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில படங்களின் முடிவும் இதில் வந்துவிடுகிறது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்டோபியா, டிஸ்டோபியான்னு சொல்றீங்களே, அப்படின்னா என்னங்க?

1516இல் தாமஸ் மோர் என்ற ஆங்கில எழுத்தாளர் 'உட்டோப்பியா' என்று ஒரு தீவைக் கற்பனை செய்து புத்தகம் எழுதினார். கிரேக்க வேரில் அதற்கு 'இல்லாத இடம்' என்று பொருள். எல்லாம் நன்றாக இருக்கிற ஊர் என்ற பொருளில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கத்தைக் குறிக்க 1868இல் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அயர்லாந்து நிலப் பிரச்சினை பற்றிப் பேசும்போது, 'டிஸ்டோபியா' என்ற வேரில் ஒரு சொல்லை எடுத்தாண்டார். தமிழில் இதற்கு ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். நான் டிஸ்டோபியா என்றே எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்த வரையில், கெட்டுப்போன பிறகும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற உலகம்தான் டிஸ்டோபியா. காலையில் அலுவலகம் திறக்கிறது, ரயில் வருகிறது, வாடகை கட்டியாக வேண்டும். மனிதர்களுக்கு நடக்கக் கூடாதது ஒன்று அங்கே தினமும் நடக்கிறது, அதற்கு ஒரு விண்ணப்பப் படிவமும் இருக்கிறது.

அப்போ உலகம் அழியற படமெல்லாம் இதுல சேருமா? மேட் மேக்ஸ்?

விண்கல் விழுவது, ஜாம்பி கடிப்பது எல்லாம் பேரழிவுக் கதைகள். அழிந்த பிறகு மிச்சமிருப்பவர்கள் மறுபடி ஓர் ஏற்பாட்டை உண்டாக்கி, அதில் ஒருவர் தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டால் அது டிஸ்டோபியாவுக்குள் வந்துவிடும். 1979இல் வந்த முதல் மேட் மேக்ஸ், குலைந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டின் கதை. 2015இல் வந்த ஃப்யூரி ரோட், மலை உச்சியில் தண்ணீரை அடைத்து வைத்து, நினைத்தபோது திறந்துவிடும் ஒரு தலைவனின் கதை. நான் இரண்டாவதைத்தான் இந்தப் பட்டியலில் வைப்பேன்.

எதுல ஆரம்பிக்கலாம்? ஒரே ஒரு படம் சொல்லுங்க.

'சில்ட்ரன் ஆஃப் மென்', 2006. இயக்கியவர் அல்ஃபோன்சோ குவாரோன், ஒளிப்பதிவு இம்மானுவேல் லுபெஸ்கி. கதை 2027இல் பிரிட்டனில் நடக்கிறது. பதினெட்டு வருடங்களாக உலகத்தில் எங்கேயும் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. தியேட்டரில் வந்தபோது பெரிதாக ஓடவில்லை, பிறகு வீட்டில் பார்த்தவர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ரத்தம், குண்டு வேண்டாம் என்பவர்கள் 'கட்டாக்கா' (1997) பாருங்கள். மரபணுவைப் பார்த்து வேலை கொடுக்கும் சமூகம் அது. கதாநாயகன் தினமும் காலையில் தன் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் துகள், உதிரும் முடி எல்லாவற்றையும் எரித்துவிட்டு, வேறொருவனின் அடையாளத்தோடு வேலைக்குப் போகிறான். அரை மணி நேரம்தான் இருக்கிறதா? கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெட்டே' (1962), 28 நிமிடம். முழுக்க அசையாத புகைப்படங்களால் சொன்ன கதை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் படம் அசைகிறது: தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண் கண் திறக்கிறாள். அந்தச் சில நொடிக்கு எங்கள் மாடியில் யாரோ 'அட' என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்கள்.

ஏற்கெனவே வாழ்க்கை கஷ்டமா இருக்கு. ஞாயித்துக்கிழமையும் வந்து கஷ்டத்தையே ஏன் பார்க்கணும்?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. நிதானமாகப் பதில் சொல்ல ஆசை.

'சில்ட்ரன் ஆஃப் மென்' முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஒரு காப்பிக் கடை. உள்ளே கூட்டம், எல்லோரும் தலையைத் தூக்கி டிவி பார்க்கிறார்கள். உலகத்தின் ஆகக் கடைசியாகப் பிறந்தவன், பதினெட்டு வயதுப் பையன், கொல்லப்பட்டுவிட்டான் என்று செய்தி. சிலர் அழுகிறார்கள். கதாநாயகன் தியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஒரு காப்பி வாங்குகிறான், ஒரு நொடி டிவியைப் பார்க்கிறான், வெளியே வருகிறான். நடைபாதையில் நின்று காப்பியில் கொஞ்சம் சாராயம் ஊற்றிக்கொள்கிறான். அவன் பின்னால் அந்தக் கடை வெடித்துச் சிதறுகிறது. அவன் கடையை விட்டு வெளியே வருவதிலிருந்து வெடிப்பு வரை கேமரா வெட்டாமல் ஒரே ஓட்டத்தில். அடுத்த காட்சியில் அவன் அலுவலகத்தில் இருக்கிறான். துக்கம் தாங்கவில்லை, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று சொல்லி லீவு போடுகிறான்.

குண்டு வெடித்ததைவிட அந்த லீவுதான் என்னை உலுக்கியது. அவனுக்கு எல்லாம் பழகிவிட்டது. டிஸ்டோபியா படங்களில் உண்மையான பயம் சர்வாதிகாரியிடமோ இயந்திரத்திடமோ இல்லை, இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பார்க்கிற நமக்கு அந்த உலகம் புதிது, அதனால் நமக்கு உறைக்கிறது. அவர்களுக்கு உறைக்கவில்லை. படம் முடிந்து தெருவில் இறங்கி நடக்கும்போது, எனக்கு எதெல்லாம் உறைக்காமல் போயிருக்கிறது என்று தானாகவே கண் தேடுகிறது. சந்தோஷமான படம் எனக்கு இதைச் செய்வதில்லை. அதற்காகத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன்.

இந்த வகையில முதல் படம் எது? பழைய படம்னா போர் அடிக்காதா?

அதற்கு முன்பும் சில முயற்சிகள் உண்டு. ஆனால் பின்னால் வந்த எல்லோரும் கடன் வாங்கியது ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்திடமிருந்துதான். 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான மௌனப்படம். மேலே பணக்காரர்களின் வான்முட்டும் நகரம், கீழே தொழிலாளர்களின் பாதாள நகரம். ஷிஃப்ட் மாறும் காட்சி ஒன்று வரும். இரண்டு அணிகள் எதிரெதிராகத் தலையைக் குனிந்தபடி நடக்கும். உள்ளே போகிறவர்களின் நடையைவிட வெளியே வருகிறவர்களின் நடை பாதி வேகம். ஒரு வசனம் கிடையாது. பத்து மணி நேர வேலை அந்த உடம்புகளை என்ன செய்தது என்று கால்களே சொல்லிவிடும். மில்லிலோ ஆலையிலோ வேலை பார்த்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அந்த இடத்தில் அவர்களுக்குப் போர் அடித்து நான் பார்த்ததில்லை.

இந்தப் படத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. வெளியான சில மாதங்களிலேயே நீளம் அதிகம் என்று வெட்டித் தள்ளிவிட்டார்கள். வெட்டிய பகுதி போனதுதான் என்று எண்பது வருடம் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுப் படத்தின் 16 எம்எம் பிரதி ஒன்று கிடைத்தது. அதை வைத்துச் சீரமைத்த படம் 2010இல் பெர்லினில் திரையிடப்பட்டது, சுமார் 25 நிமிடம் திரும்பி வந்தது. அந்தத் துண்டுகள் மட்டும் மழை பெய்வது போலக் கீறல் விழுந்திருக்கும். சுத்தமான காட்சிக்கு நடுவே கீறல் வந்தால், அது தொலைந்து திரும்பிய இடம் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கீறல்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

படத்துல சொன்ன வருஷம் எல்லாம் தாண்டிடுச்சே. ஒண்ணும் நடக்கலையே?

'பிளேடு ரன்னர்' 2019இல் நடக்கிறது, ஜப்பானின் 'அகிரா'வும் 2019. 'சாய்லென்ட் கிரீன்' 2022. பறக்கும் கார் வரவில்லை, சரி. ஆனால் ஜோசியம் பலித்ததா என்று பார்க்கிற கணக்கு இங்கே உதவாது. படம் எடுத்த வருடத்தின் பயத்தைத்தான் அவை வேறு தேதி போட்டுச் சொல்கின்றன. 1973இல் வந்த 'சாய்லென்ட் கிரீன்' அன்றைக்கு அமெரிக்காவில் மக்கள்தொகை, காற்று மாசு பற்றி இருந்த கவலையில் பிறந்தது.

அதில் ஒரு காட்சி. நான்கு கோடி பேர் நெருக்கியடிக்கும் நியூயார்க்கில், போலீஸ்காரரான சார்ல்டன் ஹெஸ்டன் எங்கிருந்தோ கொஞ்சம் மாட்டிறைச்சி கொண்டுவருகிறார். கூட வசிக்கும் கிழவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அழுகிறார். பிறகு இருவரும் உட்கார்ந்து கீரை, இறைச்சி, ஆப்பிள் என்று ஒவ்வொன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஆப்பிளை எப்படிக் கடிப்பது என்பதே இளையவருக்குப் புதிது. கிழவராக நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு அதுதான் கடைசிப் படம், வெளிவருமுன்பே இறந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் மாடியில் ஒரு பெரியவர் சொன்னார்: "நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது, தண்ணிய கேன்ல காசு குடுத்து வாங்குவீங்கன்னு எவனாவது படம் எடுத்திருந்தா சிரிச்சிருப்போம்." அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருபது லிட்டர் கேன் இருந்தது.

பிளேடு ரன்னர்ல நிறைய வெர்ஷன் இருக்காமே, எதைப் பார்க்கிறது?

2007இல் வந்த 'ஃபைனல் கட்'. 1982இல் தியேட்டருக்கு வந்ததில், மக்களுக்குப் புரியாது என்று பயந்து கதாநாயகன் ஹாரிசன் ஃபோர்டின் குரலில் விளக்கம் ஓடவிட்டார்கள். முடிவில் ஒரு மலைப்பாதைப் பயணத்தையும் ஒட்டினார்கள். அந்த மலைக் காட்சிகள், இயக்குநர் குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மீதி வைத்திருந்தவை. 1992 பதிப்பில் இரண்டும் போய்விட்டன. 2007இல்தான் இயக்குநர் ரிட்லி ஸ்காட் முழுக்கத் தன் விருப்பப்படி தொகுத்தார்.

எந்தப் பதிப்பாக இருந்தாலும் செயற்கை மனிதனாக நடித்த ரட்கர் ஹாயர் மழையில் பேசும் கடைசிப் பேச்சு இருக்கும். எழுதிக் கொடுத்த நீளமான வசனத்தை அவரே குறைத்து, மழையில் கண்ணீர் கரைந்துபோவது பற்றிய அந்த வரியைச் சேர்த்தார். செயற்கை மனிதன் ஒருவன் சாகும்போது, தான் பார்த்ததெல்லாம் தன்னோடு போய்விடுமே என்று வருந்துகிறான். மூல நாவலை எழுதிய ஃபிலிப் கே. டிக், படம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1982 மார்ச்சில் இறந்துபோனார். கொஞ்சம் காட்சிகளை மட்டும் பார்த்திருந்தார்.

அந்த ஊரு அவ்வளவு அழகா இருக்கே, நியான் லைட்டு, மழை... எனக்கு பயமே வரல. வாழணும்போல இருக்கு. தப்பா?

தப்பு இல்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாஞ்செலிஸின் இசையும் சேர்ந்து மயக்கிவிடும். ஆனால் இந்த வகைப் படங்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்தும் இதுதான் என்று நினைக்கிறேன். காட்சி அழகாக ஆக ஆகப் பார்க்கிறவரும் பழகிவிடுகிறார். காப்பிக் கடைத் தியோவைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த இடத்தில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டாம் தடவை பார்க்கும்போது நியானை விட்டுவிட்டுத் தெருவோரம் நூடுல்ஸ் விற்பவரையும் மழையில் ஒதுங்குகிறவர்களையும் மட்டும் பாருங்கள். ஊர் வேறாகத் தெரியும்.

'பிரேசில்' படத்துல பிரேசில் நாடே வரலையே? அது காமெடியா, சீரியஸா?

பெயர் ஒரு பாட்டிலிருந்து வந்தது. 1939இல் பிரேசிலின் ஆரி பரோசோ எழுதிய பாட்டு படம் முழுக்க ஒலிக்கும். வேல்ஸில் நிலக்கரித் தூசி படிந்து கறுத்துப்போன ஒரு கடற்கரையில், ஒருவர் தனியாக உட்கார்ந்து இப்படி ஓர் இனிமையான பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி மனதில் தோன்றியதுதான் ஆரம்பம் என்று இயக்குநர் டெர்ரி கில்லியம் சொல்லியிருக்கிறார்.

சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும். ஒரு குமாஸ்தா அடித்த ஈ அச்சு இயந்திரத்துக்குள் விழுகிறது. 'டட்டில்' என்று வர வேண்டிய பெயர் 'பட்டில்' என்று விழுந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் இரவில் பட்டில் என்கிற அப்பாவி ஒருவரைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போகிறார்கள். மனைவியிடம் கையெழுத்து வாங்கி ரசீது தருகிறார்கள். விசாரணையில் அவர் செத்துப்போகிறார். அங்கே விசாரணைச் செலவைக் குடும்பம்தான் கட்ட வேண்டும். தவறான ஆளிடம் வசூலித்த தொகையைத் திருப்பித் தர, கதாநாயகன் சாம் ஒரு காசோலையோடு அந்த வீட்டுக்குப் போகிறான். அவன் நல்லவன், உதவி செய்வதாகத்தான் நினைக்கிறான். அந்தப் பெண் காசோலையைத் தொடவில்லை. அவர் உடம்பை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். தாசில்தார் அலுவலகத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த ஏழு மாதம் அலைந்திருக்கிறேன். ஆள் சாகவில்லை, சான்றிதழ்தான் வரவில்லை. ஆனாலும் அந்த ஈ விழும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

இன்னொரு காட்சி. ஓட்டலில் குண்டு வெடிக்கிறது. அடிபட்டவர்கள் அலறுகிறார்கள். பரிமாறுகிறவர் ஒரு மடக்குத் தட்டியைக் கொண்டுவந்து நடுவில் மறைப்பாக வைக்கிறார், சாப்பாடு தொடர்கிறது. மேலே நான் சொன்ன பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

புத்தகத்தைப் படிச்சிட்டுத்தான் படம் பார்க்கணுமா?

வேண்டாம். இரண்டும் வேறு வேறு. 'சில்ட்ரன் ஆஃப் மென்' நாவலை பி.டி. ஜேம்ஸ் 1992இல் எழுதினார். படம் அதிலிருந்து கருவை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. எதை முதலில் தொட்டாலும் மற்றது கெடாது.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க பயம் சார். நம்ம மாதிரி ஜனங்களுக்கு இது என்னைக்கோ நடந்து முடிஞ்சாச்சு.

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இந்த வகையின் பெரும்பாலான படங்கள், உலகத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே நடந்ததை வசதியான ஊருக்கு நடந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறவைதான். அதை ஒளிக்காமல் செய்ததால்தான் 'சில்ட்ரன் ஆஃப் மென்' எனக்கு உயர்ந்து நிற்கிறது. அதில் ரயில் நிலையத்தில் கூண்டுக்குள் அடைபட்டு நிற்பவர்கள் அகதிகள், தியோ அவர்களைத் தாண்டி நடக்கிறான்.

ஒரு மாதம் 'ஃபாரன்ஹீட் 451' போட்டோம். பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ 1966இல் எடுத்தது, புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புக்காரர்களின் கதை. எழுத்தே தடை செய்யப்பட்ட உலகம் என்பதால் படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களைக்கூட எழுதிக் காட்டாமல் குரலில் சொல்லித் தொடங்குவார். படம் முடிந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய ஓர் அம்மா எழுந்தார். "படம் நல்லா இருக்குத் தம்பி. ஆனா எங்கட ஊரில இது கதை இல்லை" என்று மட்டும் சொன்னார். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஓலைச்சுவடிகளோடு சுமார் 97,000 நூல்கள் போயின. அவர் சொன்ன பிறகு வேறு யாரும் கேள்வி கேட்கவில்லை. டீ ஆறிப்போயிற்று.

அந்தப் படத்தின் கடைசியில் ஒரு காடு வரும். அங்கே இருக்கிறவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். சாகக் கிடக்கும் கிழவர் ஒருவர் வரிவரியாகச் சொல்ல, ஒரு சிறுவன் திருப்பிச் சொல்வான். பனி கொட்டும். அந்த அம்மாவுக்குப் பிடித்த காட்சியும் அதுதானாம், பிறகொரு நாள் சொன்னார்.

தமிழ்ல ஏன் இந்த மாதிரி வரல?

இந்த வகையில் கதாநாயகன் தோற்றாலும் தோற்கலாம். நம் பெரிய படங்கள் அதற்குத் துணிவதில்லை என்பது என் கருத்து. பக்கத்தில் தெலுங்கில் 2024இல் 'கல்கி 2898 ஏடி' வந்தது. தண்ணீரும் பசுமையும் மேலே மிதக்கும் ஒரு கட்டடத்துக்குள், வறட்சி எல்லாம் கீழே காசியில். கமல் ஹாசன் அதில் அந்தக் கட்டடத்தின் தலைவன். அந்த உலகத்தை உருவாக்கியது பிடித்தது, கீழே இருப்பவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

இந்தப் படங்களால உண்மையில ஏதாவது மாறியிருக்கா?

ஆட்சி மாறியதாகச் சொல்ல மாட்டேன். ஒரு கைச்சாடை ஊர் தாண்டியிருக்கிறது. 'ஹங்கர் கேம்ஸ்' படங்களில் ஆட்சிக்கு எதிர்ப்பாக மூன்று விரலை உயர்த்திக் காட்டுவார்கள். 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் தெருவில் அதே மூன்று விரலை உயர்த்தினார்கள். நவம்பரில் பிரதமர் பிரயுத் முன்னால் மாணவர்கள் ஐந்து பேர் அப்படிச் செய்து பிடிபட்டார்கள். 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அங்கேயும் அதே சாடை எழுந்தது. இங்கே படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், அங்கே அந்தப் பிள்ளைகள் ஜீப்பில் ஏற்றப்பட்டார்கள். அதை நினைத்தால் இந்தப் படங்களை லேசாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

அப்போ நல்ல சேதி சொல்ற டிஸ்டோபியா படம் எல்லாமே நல்ல படம்தானா?

இல்லை. மறுபடி 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கே வருகிறேன். தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் இருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்க, கதை முடிகிறது. அந்த நடை வேகத்தை அத்தனை நுணுக்கமாகப் பார்த்த படம் இப்படி முடியலாமா? லாங்குக்கே பிற்காலத்தில் அந்த முடிவில் திருப்தி இல்லை. கதை எழுதிய அவர் மனைவி தியா ஃபான் ஹார்போ பின்னால் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், லாங் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு பக்கம் கொண்டுபோக முடிகிறது. அதனால் முடிவில் சொல்கிற சேதியைவிட, நடுவில் எதைக் கூர்ந்து காட்டுகிறது என்பதைப் பார்த்துத்தான் நான் படத்தை எடை போடுகிறேன்.

பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?

'வால்-ஈ' (2008) போடும்போது கட்டாயம் கூட்டி வாருங்கள். மற்றவற்றுக்குப் பதினைந்து வயதாவது ஆகட்டும்.

கடைசியில நம்பிக்கை இருக்கணுமா, இல்ல அப்படியே இருட்டா முடியணுமா?

'பிரேசில்' முடிவுக்காக ஒரு சண்டையே நடந்தது. அமெரிக்காவில் அதை வெளியிட இருந்த ஸ்டூடியோ சுபமான முடிவோடு 94 நிமிடத்துக்குச் சுருக்கி ஒரு பதிப்பைத் தயார் செய்தது. கில்லியம், என் படத்தை எப்போது வெளியிடப்போகிறீர்கள் என்று சினிமாப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார். அங்கே வெளிவராத படத்துக்கே லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள் 1985இன் சிறந்த படம் என்று விருது கொடுத்தார்கள், பிறகுதான் வெளியிட்டார்கள். இருட்டான முடிவு அந்தக் கதைக்கு நியாயமானது. சாம் தப்பித்திருந்தால் காசோலையைத் தொடாத அந்தப் பெண்ணுக்கு நாம் துரோகம் செய்தது போல இருந்திருக்கும்.

'சில்ட்ரன் ஆஃப் மென்' வேறு மாதிரி. முடிவில் ஒரு சிறு படகு, மூடுபனி, ஒரு பெண், கைக்குழந்தை. ஒரு கப்பல் வருகிறது. திரை கறுப்பாகிப் படத்தின் பெயர் விழும்போது எங்கிருந்தோ குழந்தைகள் விளையாடிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். அதனால்தான் அந்தப் படம் போடும் மாதம் மட்டும், பெயர் ஓட ஆரம்பித்ததும் லைட்டைப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.